அண்ணி குறித்த நூற்றுப் பன்னிரண்டு இடங்கள்

என் அண்ணியை ஊரில் எல்லோரும் பைலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரி. வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே சண்டை போடுவாள், ஒரு ஊசி கீழே விழாது. சட்டை வெட்டி மிஞ்சின துணியில் ஒரு பை தைத்து, உள்ளே ஒன்பது அறை பிரித்து, பொதுக்காட்டுக் காகிதங்களை அதில்தான் பைல் போட்டு வைத்திருந்தாள். லாரி ஓட்டும் என் அண்ணன் வீட்டுக்கு வந்தால், "உன்னைக் கட்டினேனா, இந்தப் பையைக் கட்டினேனா?" என்று கேட்பான்.

"பையாவது வச்ச இடத்துல இருக்குது" என்பாள்.

பொதுக்காடு என்பது ஊருக்கு மேலே இருக்கும் சரிவு. ஆடு மேய்வது அங்கே, விறகு அங்கே, குடிக்கத் தண்ணீர் வரும் ஊற்றும் அங்கே. யார் பேரிலும் பத்திரம் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான் கல்குவாரிக்காரன் வேலி போட விண்ணப்பம் கொடுத்திருந்தான். அவன் போட்டுவிட்டால் எங்களுக்குத் தண்ணீரும் இல்லை, ஆடும் இல்லை. ஊரே காலங்காலமாகப் புழங்கும் நிலம் என்று நிரூபித்தால் ஊரின் பேருக்கே எழுதித் தரலாம் என்று ஒரு சட்டம் வந்தது. நிரூபிப்பது என்றால் வாயால் இல்லை. அதிகாரி நேரில் வரும்போது ஜனங்கள் புழங்கிய அடையாளம் தரையில் இருக்க வேண்டும்.

அண்ணியின் வாழ்க்கையில் நான்கு வருஷம் இதற்கே போனது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு சரிவு முழுக்க நடந்தாள். ஆட்டுப்பட்டி, அடுப்புக்கல், ஆடு கட்டும் முளைக்குச்சி, ஊற்றுக்குப் போகும் தடம் என்று நூற்றுப் பன்னிரண்டு இடங்களைப் போட்டோ எடுத்துக் குறித்தாள். தையல் சாக்குக்கட்டியால் வீட்டுத் தரையில் வரைபடம் போட்டாள். ஊரே அதன்மேல் நின்று சண்டை பிடித்தது. "என் பட்டி பாறைக்கு அந்தப் பக்கம்" என்பார் பால்காரர். அழித்துவிட்டு மறுபடி போடுவாள்.

"தப்பா வெட்டினா துணியோட போகும். தப்பா வரைஞ்சா காடே போயிடும்" என்று சொல்லிச் சொல்லியே எங்கள் பிராணனை வாங்கினாள்.

அதிகாரி வரும் தேதி தபாலில் வந்தது. வரைபடத்தில் முத்திரை வாங்க அண்ணி இரண்டு நாள் முன்னதாகவே நகரத்துக்குப் போனாள். அங்கிருந்து அதிகாரிகளின் ஜீப்பிலேயே வந்துவிடுவதாகச் சொன்னாள். "ஊரைப் பார்த்துக்கோ" என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்களுக்கு அதிகாரி என்றால் காட்டுக் காவல்காரர்தான். வந்தால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போவார், அரிவாளைப் பிடுங்குவார். ஒரு சுமை விறகுக்காக என் அப்பாவைப் பதினோரு நாள் உள்ளே வைத்தார்கள். ஜீப் சத்தம் கேட்டால் அடுப்பை அவித்துச் சாம்பலை மூடு, புழுக்கையைக் கூட்டு, குச்சியைப் பிடுங்கு. நடக்கப் பழகினபோதே இதையும் பழகியவர்கள் நாங்கள். அண்ணி வேறு ஊரிலிருந்து வாழ வந்தவள், அவளுக்கு இது தெரியாது. நான்கு வருஷமாக அவள் கத்தினதெல்லாம் எங்கள் காதில் விழுந்தது. மண்டையில் ஏறியது அதிகாரி வருகிறார் என்பது மட்டும்தான்.

விளக்குமாற்றை முதலில் எடுத்தவள் நான். மறைக்கிறோம் என்றுகூட நினைக்கவில்லை. நல்ல காரியத்துக்கு வருகிறார்கள், காடு கண்ணியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தது. பட்டிக் கற்களைப் பிரித்து ஓடையில் போட்டோம். அடுப்பு எரிந்து கரி பிடித்த பாறைகளைச் சுரண்டிக் கழுவினோம். முளைக்குச்சிகளைப் பிடுங்கினோம். ஊற்றுத் தடத்தின்மேல் சருகைப் பரப்பினோம். பாழாய்ப்போன எங்கள் கைகளுக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது.

காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. அண்ணி முன்னால் நடந்தாள், பையை மார்போடு அணைத்துக்கொண்டு. முதல் இடத்தில் போனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். மூன்றாவது இடத்தில் முகம் வெளுத்துவிட்டது. இருபதாவது இடத்துக்கு ஓடினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நாங்கள் எங்கள் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்று.

"இங்க பட்டி இருந்துச்சுங்க. போட்டோ இருக்கு, பாருங்க."

அதிகாரியாக வந்த சர்வேயர் கெட்டவர் இல்லை. "போட்டோ எங்க வேணா எடுக்கலாம்மா. கண்ணால பார்த்ததைத்தான் நான் எழுத முடியும்" என்றார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் முன்னால் நின்றேன். "நீங்க சொல்லுங்கம்மா. இங்க ஆடு மேய்ப்பீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பதினாலு ஆடும் அந்தச் சரிவில் வளர்ந்தவைதான்.

"இல்லைங்க. நாங்க இந்தப் பக்கமே வர்றதில்லைங்க" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பின்னால் நின்ற பால்காரரும் "ஆமாங்க, வர்றதே இல்லைங்க" என்று தலையாட்டினார். சர்வேயர் எழுதினார். மனுக் கொடுத்தவள் என்பதால் அண்ணி அதில் கையெழுத்துப் போட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த அறிக்கையை எதிர்த்து முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாமாம். மறுநாள் மத்தியானம் அண்ணி தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, என் எதிரே வெள்ளைத்தாளுடன் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உன் வாக்குமூலம்தான் முதல்ல. நீ சொன்னா மத்தவங்களும் சொல்லுவாங்க. பொதுக்காட்டுல ஆடு மேய்ச்சியா?"

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் பேனாவைத் தாளில் வைத்தபடியே காத்திருந்தாள்.