சித்தி சுட்ட மஞ்சள்

தும்மலுக்கான மாத்திரையைச் சித்தி பாதியாக உடைத்துத்தான் போடுவாள். முழுசாகப் போட்டால் வெயில் ஏறுமுன் கண் சொருகும். பாதி போட்டால் தும்மல் பாதிதான் அடங்கும், தூக்கமும் முழுசாக விடாது. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், புஸ்வாணக் கூம்புக்குள் வெடிமருந்து அடைப்பது அவள் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம்கூட அலுமினியத் தூளில் மின்னும். அந்தத் தூசிதான் மூக்குக்கு ஆகவில்லை. காலையில் வேனில் அவள் தும்ம ஆரம்பித்தால், "ஏலா, தீவாளிக்கு முந்தியே சரத்தப் பத்த வச்சுட்டா!" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

போர்மேன் சிரிக்கவில்லை. வெடிமருந்து அறையில் தூங்கி வழிகிறவளை வைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? "இன்னொரு தடவ கண்ண மூடுனதப் பாத்தேன், வீட்டுலயே படுத்துக்கிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா இறந்தபின் எங்களோடு வந்துவிட்டவள் சித்தி. யாரையும் எதிர்பார்க்காமல் அவள் நிமிர்ந்து நடந்தது அந்த வேலையால்தான்.

அன்றோடு மாத்திரை நின்றது. நான் அப்போது கல்லூரியில் தாவரவியல் முதல் வருடம். என் உற்சாகத்துக்குக் கேட்கவா வேண்டும்! நொச்சியும் துளசியும் போட்டு ஆவி பிடிக்க வைத்தேன். "என்னய என்ன கிழங்குன்னு நெனச்சியாடி, இப்பிடி அவிக்கே?" என்பாள் போர்வைக்குள்ளிருந்து. உப்புத் தண்ணீரை மூக்கில் விட்டதில் புரையேறி என்னை அடிக்கவே வந்தாள். கடைசியில் அவளே விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகையை இழுத்தாள். அது ஒத்துக்கொண்டது, அல்லது ஒத்துக்கொண்டதாக நம்பினாள். மாத்திரை இல்லாததால் தூக்கமும் வரவில்லை. போர்மேனே, "இப்பத்தான் மனுசி மாதிரி முழிச்சிருக்கே" என்றாராம்.

ஒரு காலையில் மஞ்சள் புகைந்துகொண்டிருக்கும்போதே வேன் ஹாரன் கேட்டது. விளக்கை அணைத்தவள், கையிலிருந்த தீப்பெட்டியைத் தன்னையறியாமல் இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். கம்பெனி வாசலில் பெண்களைச் சோதிக்கிற அக்கா அதை வெளியே எடுத்ததும் வரிசை பின்னால் நகர்ந்தது.

"மூக்குக்குப் புகை பிடிச்சேண்ணே, அவசரத்துல..." என்றாள் சித்தி, வந்து நின்ற போர்மேனிடம்.

"ஏத்தா, வெடிக் கம்பெனிக்குத் தீப்பெட்டியோட வந்துட்டு மூக்கச் சாக்குச் சொல்லுதியே!" என்றார் போர்மேன்.

அவளுக்காக யாரும் பேசவில்லை. பேசியிருக்கவும் முடியாது, உள்ளே அத்தனை உயிர்கள். அவளை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். வேறு கம்பெனிகளிலும் சேர்க்கவில்லை. இந்தமாதிரிச் செய்தி வேனைவிட வேகமாகப் போகும்.

பிறகு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் தலைப்பில் தகரப் பட்டை அடிக்கப் போனாள். சில மாதங்களில் தும்மல் நின்றேபோனது. அவ்வளவாகத் தூக்கம் தராத மாத்திரைகள் உண்டு, டாக்டரிடம் கேட்டிருந்தால் மாற்றித் தந்திருப்பார் என்பது எனக்கு வெகு பின்னால்தான் தெரிந்தது. அப்போதோ, தூசியை விட்டு விலகியதே சரியான வைத்தியம் என்று பெரிய கண்டுபிடிப்புப்போல அவளிடம் சொன்னேன்.

"ஆமாடி, மூக்கு நல்லாருக்கு" என்றாள்.

தை பிறந்ததும் காலண்டர் வேலை முடிந்தது, அதன்பின் வேறு வேலை அமையவில்லை. வருஷாவருஷம் ஆடியில் எங்கள் எல்லாரையும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கிளப்பிக் கூட்டிப்போகிறவள் அவள்தான். அந்த ஆடியில் நாங்கள் புறப்பட்டு நின்றபோது, வாசல்படியில் நின்று என் அம்மாவைக் கேட்டாள்: "அக்கா, நானும் வரட்டுமா?"