சோறு தவிர வேறென்ன தின்கிறீங்க?

தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு ஊசி போடுவதெல்லாம் பெரிய வேலையே இல்லை, "சோறு தவிர வேறென்ன தின்கிறீங்க?" என்று கேட்டு உண்மையை வாங்குவதுதான் வேலை. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் சிலருக்கு மண், சாம்பல், சுண்ணாம்பு என்று கண்டதன் மேலெல்லாம் ஆசை வரும். அரிசி களையும்போது யாரும் பார்க்காமல் ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்கிறவர்களே, கூச்சப்படாமல் படியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

பக்தி

அரவேணுவில் தையல் கடை வைத்திருந்த பழனிசாமி, மனைவிக்கு மூச்சு வாங்குகிறது என்று அழைத்து வந்தார். "எம்பட ஊட்டுல பக்தி ஜாஸ்திங்க. வாரத்துக்கு நாலு பொட்டலம் திருநீறு தீருது" என்றார் பெருமையாக. அந்த அம்மாள் நெற்றியில் மெல்லிய கீற்றுதான் இருந்தது. நாக்குதான் வெள்ளையாக இருந்தது.

ரத்தம் பார்த்து இரும்பு மாத்திரை கொடுத்தோம். மூன்று மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது. பழனிசாமிக்கு மட்டும் ஒரு குறை: "மாத்திரை நல்லா வேலை செய்யுதுங்க சிஸ்டர். ஆனா பக்தி சுத்தமாப் போயிருச்சுங்க."

செல்வியின் சுவர்

கொழுந்து பறிக்கும் செல்விக்கு ஏழாம் மாதம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுதான், பதினொன்றாவது இருக்க வேண்டும். ஏறாவிட்டால் பிரசவத்துக்குக் கோயமுத்தூர் போக வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "தெரியாத ஊர்ல தனியாக் கெடக்கணுங்களா?" என்று அழுதாள். மாத்திரை ஒருநாள்கூட விட்டதில்லை என்று சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை.

மறுநாள் தொழிலாளர் குடியிருப்பில் அவள் லைன் வீட்டுக்கே போனேன். கட்டிலோரச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. தூக்கிப் பார்த்தால் பூச்சு கையளவுக்குக் காணோம். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் மாத்திரை அட்டைகள் எல்லாம் காலி. பெண் பொய் சொல்லவில்லை. அப்போது அவள் மாமியார் மாத்திரையையும் ஒரு டம்ளர் கடுந்தேநீரையும் கொண்டுவந்து நீட்டினார். தினமும் அப்படித்தானாம்! இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மாத்திரைக்கு எலுமிச்சைத் தண்ணீர், டீ இரண்டு மணி நேரம் கழித்து என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரத்தம் ஏறியது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. சர்க்கரை கொண்டுவந்த மாமியார் சொன்னார்: "செவுத்தப் பூசியாச்சுங்க. ஆனா இந்த எஸ்டேட்டுல டீ குடிக்காதேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க சிஸ்டர்."

மேஜை டிராயர்

ஒருநாள் பேனா தேடி டாக்டர் என் டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு பெட்டி சிலேட்டுக் குச்சி. பாதிக்கு மேல் கடித்தது. "அண்ணன் மகனுக்கு வாங்கினேன் சார்" என்றேன். டாக்டர் ஒரு குச்சியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அண்ணன் மகனுக்குப் பல்லு இவ்வளவு பெரிசா சிஸ்டர்? கையை நீட்டுங்க, ரத்தம் எடுக்கலாம்."

இப்போது என் ரத்தம் பன்னிரண்டுக்கு மேல் என்றாலும், புதுமழைக்கு மண் மணக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருவதே நர்ஸுக்கு அழகு.