அம்மாவின் ரிப்போர்ட்டும் அரை நிமிடமும்

அன்று அம்மாவோடு நானும் போயிருக்க வேண்டும். கழுத்தில் இருந்த கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்திருந்தார்கள். நுவரெலியாவில் ஒரு தனியார் கிளினிக்கில் அன்று ரிப்போர்ட் வரும். ஆனால் கொழும்புக் கம்பெனியில் நான் சேர்ந்தது அப்போதுதான். லீவு கேட்கப் பயம். டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால், ஹட்டனில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே அறை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். அம்மா தனியாகவே பஸ் ஏறினார்.

எங்கள் கம்பெனி செய்தது கிளினிக்குகளுக்கான மென்பொருள். நோயாளியின் எண்ணைத் தட்டினால், எங்கள் ஜாவா நிரல் கொழும்பு ஆய்வுகூடத்தின் சர்வரைக் கேட்டு ரிப்போர்ட்டை வாங்கித் திரையில் காட்டும். அம்மா போன கிளினிக்கும் அதைத்தான் பாவித்தது.

காலையில் அம்மா கோல் எடுத்தார்.

"புள்ள, கம்பியூட்டர் அப்படியே நிக்குதாம். எல்லாரையும் வெளிய ஒக்கார வச்சிருக்காங்க. என்னான்னு பாரேன்."

அவர் பேசும்போதே ஆபீஸிலிருந்தும் செய்திகள் வந்து விழுந்தன. எல்லா கிளினிக்கிலும் திரை உறைந்துவிட்டது. உள்ளே பார்த்தேன். ஆய்வுகூடத்து சர்வர் இணைப்பை ஏற்றுக்கொள்கிறது, சில கோரிக்கைகளுக்குப் பதில் மட்டும் தரவில்லை. எங்கள் நிரலும் விடாமல் காத்து நிற்க, வரும் புதுக் கோரிக்கைகளைக் கவனிக்க ஆளே இல்லை.

எங்கள் குழுவுக்குத் தலைவி யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். போனிலேயே நிரலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டைம்அவுட் ஒண்டும் போடேல்லை. நாங்கள் சொல்லாட்டி இது முடிவில்லாமல் பார்த்துக்கொண்டே நிக்கும். கனெக்‌ஷனுக்கு ஒண்டு, ரீடுக்கு ஒண்டு, ரெண்டையும் போடுங்கோ."

யோசிக்கவில்லை. இணைப்புக்கும் பதிலுக்கும் காத்திருக்கும் நேரம் ஐந்தைந்து வினாடி என்று எழுதி ஏற்றினேன். திரைகள் அசைந்தன. மூச்சு விடுவதற்குள் மறுபடியும் அம்மா.

"மத்தவங்களுக்கெல்லாம் வருது புள்ள. என் நம்பரத் தட்டினா மட்டும் பிழைன்னு வருதாம். ஏன், எனக்கு ஏதும் பெரிசாவா இருக்கு?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. போனை நர்ஸ் மிஸ்கிட்ட குடுங்க."

நர்ஸ் சிங்களத்தில் பேசினார். இரத்தப் பரிசோதனை என்றால் உடனே வந்துவிடும். சதைப் பரிசோதனையில் படங்கள் இருப்பதால் எப்போதுமே அரை நிமிடம் எடுக்கும், எண்ணைத் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போய்விடுவேன் என்றார். பதில் தயாராவதற்குள் நான்தான் இணைப்பை அறுத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப ரீடைக் கூட்டுங்கோ. கனெக்‌ஷனைக் கூட்டாதேங்கோ. சர்வர் எழும்பி நிக்குதோ எண்டு அறியக் கன நேரம் வேணாம்."

இணைப்புக்கு மூன்று வினாடி, பதிலுக்கு நாற்பது. அதையும் தாண்டினால் 'பிழை' என்று பயமுறுத்தாமல், 'ரிப்போர்ட் தாமதம், சற்றுப் பொறுத்து முயலவும்' என்று காட்டும்படி மாற்றினேன்.

எங்கள் நிரலின் பதிவில், நர்ஸ் முன்பே சொல்லியிருந்த அம்மாவின் எண் வந்தது. இணைந்தது என்று ஒரு வரி. பிறகு ஒன்றுமில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனேன். கீழே கடைக்காரர் யாருடனோ விலை பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அடுத்த வரி இருந்தது: பதில் கிடைத்தது.

அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பதிவு காட்டாது, காட்டவும் கூடாது. வந்துவிட்டது என்று அம்மாவுக்கு முன்பே எனக்குத் தெரியும், என்ன வந்தது என்றுதான் தெரியாது. அம்மாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஏதேதோ கோப்புகளைத் திறந்து மூடினேன். "எல்லாம் சரியோ?" என்று அக்கா செய்தி அனுப்பியிருந்தார். எதைக் கேட்கிறார் என்று ஒரு கணம் புரியவில்லை. "சரி" என்று அனுப்பினேன்.

கடைசியில் அம்மாவே கோல் எடுத்தார்.

"கெட்ட கட்டி இல்லையாம். ஆனா திரும்ப வந்து காட்டணுமாம். ஒண்ணுமில்லேன்னா எதுக்குப் புள்ள வரச் சொல்றாங்க?"

"சும்மா பாத்துக்கத்தாம்மா."

"நீ வந்திருந்தா டொக்டர்கிட்டயே கேட்டிருப்ப."

போனை வைத்துவிட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"உங்கட அம்மாவோ? முதலே சொல்லியிருக்கலாமே! நாளைக்கு வீட்ட போய் நிண்டுட்டு வாங்கோ."

நாளை வரை இருப்புக் கொள்ளவில்லை. அன்று மாலையே டயகம பஸ்ஸுக்குப் போனேன். புறப்பட இன்னும் நேரம் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன், இறங்கி நின்றேன், மறுபடியும் ஏறினேன்.