எண்ணெய் கசிந்த வளைவு

பள்ளிக்கூடத்தில் உராய்வைப் பற்றிப் படித்தபோது, அதனால் வரும் தீமைகளைத்தான் பக்கம் பக்கமாக எழுத வைத்தார்கள். இயந்திரம் தேயும், சூடாகும், சக்தி வீணாகும், ஆகவே எண்ணெய் விட வேண்டும். நன்மைகள் என்ற தலைப்பில் இரண்டே வரி: நடக்க உதவுகிறது, வண்டியை நிறுத்த உதவுகிறது. அந்த இரண்டு வரியின் அர்த்தம் எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு வளைவில்தான் விளங்கியது. விளங்கிய விதத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் மாடி வீடு. என் கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. எனக்குத் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. காலையில் ஸ்கூட்டரில் என்னை இறக்கிவிட்டுவிட்டு அவர் ஆவடிக்குப் போவார். அவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்தால் மாட்டு வண்டிக்காரனுக்கே பொறுமை போய்விடும். நானே பின்னால் உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் வேகமா போனா என்ன?" என்று நச்சரித்திருக்கிறேன். "போய்ச் சேரணும்ல?" என்பார்.

என் கம்பெனிக்குத் திரும்பும் வளைவில் ஒரு லேத் பட்டறை இருந்தது. பட்டறை என்றால் சிறியதல்ல. உள்ளே பெரிய ஷெட், முன்னால் கண்ணாடி வைத்த ஆபீஸ், கருப்பு கிரானைட் படிக்கட்டு. இரும்பைக் கடையும்போது விழும் சுருள்களை கேட்டுக்கு வெளியே ரோட்டோரமாகக் குவித்து வைப்பார்கள். பழைய இரும்பு லாரி வந்து அள்ளிப் போகும்வரை அந்தக் குவியலிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். போதாததற்கு மதில் அடியில் ஒரு ஓட்டை. மெஷினில் ஊற்றிக் கெட்டுப்போன எண்ணெயெல்லாம் அதன் வழியாக வெளியே ஒரு பள்ளத்துக்கு வந்து, பள்ளம் நிரம்பினால் தார் ரோட்டில் வழியும்.

வெயில் காலத்தில் அதன்மேல் தூசி படிந்துவிடும். ரோடு கொஞ்சம் கருப்பாக இருக்கிறது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. கொட்டுகொட்டென்று மழை பெய்தாலும் ஓரளவு அடித்துக்கொண்டு போய்விடும். ஆபத்து தூறலில்தான். லேசாக நனைந்ததும் அடியில் கிடந்த எண்ணெய் மேலே மிதந்து வந்து, தாருக்கும் டயருக்கும் நடுவில் ஒரு தோல் போல நின்றுகொள்ளும். ஸ்கூட்டர் டயர் ரோட்டைத் தொடுகிற இடம் ஓர் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அவ்வளவு சின்ன இடத்தில்தான் குடும்பத்தோடு உட்கார்ந்து போகிறோம். அந்த இடத்தின் பிடி போய்விட்டால் பிரேக் இருந்தும் இல்லை, ஹேண்டில் இருந்தும் இல்லை.

வளைவுக்கு எதிரே தள்ளுவண்டியில் டீக்கடை வைத்திருந்த அக்காவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தினமும் பார்ப்பவள். அடுப்புச் சாம்பலை வாரிக் கொண்டுவந்து அந்த இடத்தில் கொட்டுவாள். "நேத்தும் ஒருத்தன் உயுந்தான்மா. இந்த வாட்ச்மேன்கிட்ட சொன்னா, உன் வேலய பாருன்றான்" என்பாள். நாங்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம்.

ஐப்பசி மாதம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது மேகம் மட்டும்தான். தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததும் தூறல் ஆரம்பித்தது. வளைவில் முன்னால் ஒரு சைக்கிள்காரர் தயங்கினார். என் கணவர் லேசாகத்தான் பிரேக்கை மிதித்தார். பின் சக்கரம் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் போயிற்று. கிறீச்சென்று ஒரு சத்தம்கூட இல்லை. பிடித்து உரசினால்தானே சத்தம் வரும்? நான் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்ததால் ரோட்டோரப் புழுதியில் போய் விழுந்தேன். முழங்கை சிராய்த்ததோடு சரி. இவர் கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வண்டியும் அவரும் சேர்ந்து அப்படியே வழுக்கிக்கொண்டே போய்ச் சிறுபாலத்துக் கல்லில் மோதினார்கள். வலது முட்டி.

நான் எழுந்து ஓடினேன். ரெண்டாவது அடியிலேயே கால் வாரிவிட்டது.

"செருப்ப கயட்டிட்டு வாமா! வயுக்கும்!" என்று கத்திக்கொண்டே டீக்கடை அக்கா வெறுங்காலோடு வந்தாள். தூக்க வந்த ஆண்களில் ஒருவர் அவர்மேலேயே விழப் பார்த்தார். அக்கா கடையிலிருந்த கோணிச் சாக்கைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் கால் ஊன்றி நின்று அவரைத் தூக்க முடிந்தது. அந்த நேரத்தில் நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். பட்டறை வாட்ச்மேன் எங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டை இழுத்து மூடிக்கொண்டிருந்தான். பட்டறை வளாகத்துக்குள் ஒரு வேன் சும்மாதான் நின்றிருந்தது. எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது ஒரு ஆட்டோ.

முட்டிச் சில்லு உடைந்திருந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள். கட்டுப் பிரித்த பிறகும் கால் முழுதாக மடங்கவில்லை. மாடிப்படி ஏற முடியாமல், கீழ் வீட்டுக்காரர்களிடம் கெஞ்சி வீடு மாற்றிக்கொண்டோம். அவர்கள் நல்லவர்கள், சம்மதித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் வழுக்குகிற இடங்கள் எத்தனை என்று தெரிந்தது. பாத்ரூமில் சோப்பு நுரை காயாத தரை. துடைத்து ஈரம் உலராத மொசைக். வாசலில் மடங்கிக் கிடக்கும் கால்மிதி. முன்பெல்லாம் யோசிக்காமல் தாண்டிய இடங்களில் அவர் நின்று, சுவரைத் தடவி, கைத்தடியை ஊன்றிப் பார்த்து, அப்புறம் காலை வைத்தார். கைத்தடியின் நுனியில் ரப்பர் மூடி ஒன்று இருக்கும். அது மழமழவென்று தேய்ந்துவிட்டதை நான் கவனிக்காத ஒரு வாரத்தில் சமையலறை வாசலில் தடி வழுக்கி, மறுபடியும் விழுந்தார். விழுந்தவர் என்னைக் கூப்பிடவில்லை. நான் துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது தரையில் உட்கார்ந்து கதவைப் பிடித்து எழப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். அன்றைக்குத்தான் நான் அந்தப் பட்டறை முதலாளியைப் பார்க்கப் போவதென்று முடிவு செய்தேன்.

மரியாதையாகத்தான் போனேன். அவரும் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"மழைன்னா வண்டி சறுக்கத்தாம்மா செய்யும்."

"சார், உங்க எண்ணெயிலதான் சறுக்குது. வெளிய வந்து பாருங்க."

"ரோடு என்னோடதா? கவர்மென்ட் ரோடு. அங்க ஆயிரம் வண்டி போகுது, எதுலேருந்து என்ன ஒழுகுதோ." மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "தப்பா நினைக்காதீங்க. லேடீஸ் இப்படி ஒரு பக்கமா உக்காந்தா வண்டி பேலன்ஸ் போயிடும். அத யாரும் யோசிக்கிறதில்ல."

என் புருஷன் முட்டி உடைந்ததற்குக் காரணம் நான் உட்கார்ந்த விதமாம். எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? அதன் பிறகு மனு எழுதிக்கொண்டு போன அலுவலகங்களில் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். நான் அரை நாள் லீவு போட்டுப் போட்டு அலைந்ததுதான் மிச்சம்.

அடுத்த வருஷம் கோடை மழை ஒன்று தூறலாக வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு நான் அக்கா கடையில் நின்றிருந்தேன். துணிக் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் சைக்கிளில் வளைவுக்கு வந்தாள். என் கண்ணெதிரே, அதே இடத்தில், அதே போலச் சத்தமில்லாமல் சாய்ந்தாள். டிபன் கேரியர் உருண்டு ஓடியது. தாடை ரோட்டில் இடித்து உதடு கிழிந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். வாட்ச்மேன் பழையபடி கேட்டை இழுத்தான்.

அக்காவின் வண்டிக்கடியில் இருந்த பக்கெட்டை எடுத்தேன். மதில் ஓட்டைக்குக் கீழே பள்ளத்தில் தேங்கியிருந்த கருப்பு எண்ணெயைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றினேன்.

"இன்னாமா பண்ற?" என்றாள் அக்கா.

"அவரோடது அவர்கிட்ட கொடுக்கப் போறேன்."

பக்கெட்டோடு போன பொம்பளையைத் தடுக்கலாமா கூடாதா என்று வாட்ச்மேன் யோசித்து முடிப்பதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். கிரானைட் படிக்கட்டின் மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை ஊற்றினேன். வாட்ச்மேன் போட்ட சத்தம் கேட்டு ஷெட்டில் மெஷின்களை நிறுத்தினார்கள். ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு முதலாளி வந்தார்.

"ஏய், யாரு நீ? என்ன பண்ற?"

"மறந்துட்டீங்களா? ஒரு பக்கமா உக்காந்து பேலன்ஸ் போக வெச்சவ. இப்ப நீங்க நேராவே இறங்கி வாங்க சார், பாக்கலாம்."

"வாட்ச்மேன்! மரத்தூள் எடுத்துட்டு வா! எவனாவது எடுத்துட்டு வாங்கடா!"

ஷெட் வாசலில் நின்ற ஆட்கள் ஒருவரும் அசையவில்லை. அந்த ஆபீஸுக்கு வேறு வழி இல்லை. கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தார். அப்புறம் ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார், சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார். கால் நழுவியது. சட்டென்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, வெள்ளைப் பேன்ட்டோடு, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினார். அவருடைய கால்விரல்கள் விரிந்து விரிந்து பிடிமானம் தேடியதைப் பார்த்தேன். என் கணவர் வீட்டில் அப்படித்தான் தேடுவார். எனக்குப் பாவமாக இல்லை. துளிகூட இல்லை.

போலீஸ் வந்தது. "படிச்ச பொம்பள பண்ற காரியமா இது?" என்று இன்ஸ்பெக்டர் என்னிடம்தான் ஆரம்பித்தார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தாள்.

"சார், அவரு ஊட்டு படில ஊத்துனா கேஸு. ரோட்டுல ஊத்துனா கேஸு கிடையாதா? அந்த பொண்ணு வாய பாரு சார், ரத்தம் ஊத்திகினு கீது."

உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு அந்தப் பெண் கேட்டருகே நின்றிருந்தாள். ஷெட் ஆட்களும் வெளியே வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வளைவு வரை நடந்துபோய், பூட்ஸ் காலைத் தாரில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். கால் அவர் எதிர்பார்த்ததைவிடத் தூரமாகப் போய்விட்டது. பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் தோளைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. ஓட்டையை அடைக்க வேண்டும், சுருளை உள்ளேயே தகரத் தொட்டியில் போட வேண்டும் என்று முதலாளியிடம் எழுதி வாங்கினார். என்னை எச்சரித்து அனுப்பினார்.

மறுநாள் என் கம்பெனியில் மேனேஜர் கூப்பிட்டார். எங்கள் முதலாளியும் அந்த முதலாளியும் ஒரே சங்கத்தில் இருப்பவர்களாம். "உங்களால எங்களுக்குச் சங்கடம்மா" என்றார். அன்றோடு வேலை போயிற்று.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அக்கம்பக்கத்தில் தெரிந்துபோய், இவருக்கு ஒரே அவமானம். "உன்னை யார் போகச் சொன்னா? என் கால் வந்துடுச்சா இப்ப?" என்று கேட்டார். "வரல. வராதுன்னு தெரிஞ்சுதான் போனேன்" என்றேன். நாலைந்து நாள் போயிற்று. ஒரு சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "உக்காந்துகிட்டேவா இறங்கினான்?"

"ஆமா."

"கீழ் வரைக்குமா?"

"கீழ் வரைக்கும்."

முகத்தைப் பேப்பரால் மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

தகரத் தொட்டி கொஞ்ச காலம் இருந்தது. பிறகு அது துருப்பிடித்து அடி ஓட்டையாகி, எண்ணெய் கேட்டுக்கு அடியில் வழியத் தொடங்கியது என்று அக்கா சொன்னாள். அவள் மறுபடி சாம்பல் கொட்ட ஆரம்பித்திருந்தாள். எனக்கு முகப்பேரிலேயே ஒரு பள்ளியில் ஆபீஸ் வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் போகிற வேலை நின்றுவிட்டது. ஸ்கூட்டரை விற்றோம். இவர் ஓய்வு பெறும்வரை ஆவடிக்குப் பஸ்ஸில்தான் போனார், ஏறும்போது யாராவது கை கொடுத்தால்.

சில வருஷம் கழித்துப் பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். இவரால் தரையில் உட்கார முடியாததால் பந்தியின் ஓரத்தில் தனியாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். என் பக்கத்து இலையில் இருந்த சொந்தக்காரப் பெண் அவரைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினாள்.

"பாவம், ஸ்கூட்டர்லேருந்து சறுக்கி விழுந்துட்டாராமே. பார்த்து ஓட்டக் கூடாதா?"

"அவர் பார்த்துத்தான் ஓட்டினார். ரோட்டுல எண்ணெய விட்டு வெச்சிருந்தாங்க. விட்டவன் நல்லாத்தான் இருக்கான்" என்றேன்.

குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எதிர் வரிசையில் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டு அவள் பாயசம் ஊற்ற வந்தவரைக் கைநீட்டிக் கூப்பிட்டாள். நான் பாயசத்துக்குக் காத்திருக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.