நாவற்பழக் கறை

எங்கள் தெருவில் குந்தவையிடம் ரவிக்கை தைக்காத பெண் இல்லை. என் வீட்டின் முன்னறையில்தான் அவள் தையல் கடை வைத்திருக்கிறாள். கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், அதையொட்டிய கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். நடுவில் முழங்காலளவு வரை தொங்கும் துணித்திரை ஒன்றுதான் தடுப்பு. ஆகவே இதில் பெரும்பாலானவை நான் காதால் கேட்டவை. கேட்காதவற்றை அவளிடமே விசாரித்துச் சரிபார்த்துக்கொண்டேன். எழுதுவதற்கு அவள் சம்மதமும் உண்டு.

ஊர்ப் பெண்களுக்கு முதுகை இறக்கியும் கழுத்தை அகட்டியும் கயிறு வைத்தும் தைத்துக் கொடுக்கிறவள், தனக்கு மட்டும் தொண்டைக்குழி வரை ஏற்றித் தைத்துக்கொள்வாள். அதற்கு மேலும் சேலைத் தலைப்பை இழுத்து ஊக்கு குத்தியிருப்பாள். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். "ஏண்டி, மடத்துல சேர்ந்துட்டியா?" என்று வாடிக்கைக்காரிகள் கேலி செய்வார்கள். சிரித்துவிட்டு அளவு நாடாவை எடுப்பாள்.

குந்தவை பிறந்தது 1988-இல். அப்பா அண்ணாதுரைக்கும் அம்மா அம்சத்துக்கும் அப்போது பண்ணையில் கூலி வேலை. குழந்தை நாலு எட்டு ஓடினால் பாதி வழியில் குந்தி உட்கார்ந்துவிடும். குந்தினால் மூச்சு திரும்பியது. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, உடம்பே கண்டுபிடித்துக்கொண்டது. ஊர் அதைச் சோம்பல் என்றது. உதடு நீலம் பாரித்திருந்ததற்கும் ஊரில் ஒரு காரணம் தயாராக இருந்தது. வெண்ணாற்றங்கரை நெடுக நாவல் மரங்கள். ஆனி, ஆடியில் பிள்ளைகள் வாயெல்லாம் ஊதாவாகத்தான் இருக்கும். அம்சமும் பழக்கறை என்றே நினைத்தாள். நடவுக்குக் கிளம்பும் முன் தேங்காய் நாரில் உப்பைத் தொட்டு மகளின் உதட்டைத் தேய்ப்பாளாம். தோல் உரிந்து ரத்தம் வருமாம், நீலம் போகாதாம்.

பள்ளிக்கூடத்துக்குச் சோதனைக்கு வந்த ஒரு டாக்டர்தான் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிடச் சொன்னார். இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் அடைப்பு, இரண்டும் பிறவியிலேயே இருந்தவை. எட்டு வயதில் சென்னையில் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். தொண்டைக்குழிக்குக் கீழே தொடங்கி மேல்வயிறு வரை இறங்கும் தழும்போடு வீடு திரும்பினாள். அம்சம் மகளுக்குப் போட்ட கட்டளை ஒன்றுதான்: யாரிடமும் காட்டாதே, சொல்லாதே.

மினி பஸ் ஓட்டும் நல்லக்கண்ணுவைக் கட்டிக்கொள்ளும் முன் அவரிடம் மட்டும் சொன்னாள். மாமியார் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. டாக்டர்களின் மேற்பார்வையில் ஒரு மகனைப் பெற்றாள். வருடத்துக்கு ஒருமுறை தஞ்சாவூருக்குப் பரிசோதனைக்குப் போவாள். கடைக்கு வருகிறவர்களிடம் துணி எடுக்கப் போவதாகச் சொல்வாள். பொய்யாகிவிடக் கூடாதென்று திரும்பும்போது நாலு மீட்டர் லைனிங் துணியாவது வாங்கி வருவாள்.

"முழுசாக் குணமாயிடுச்சா?" என்று, விஷயம் வெளியே தெரிந்த பிறகு ஒருமுறை கேட்டேன்.

"அப்படிச் சொல்ல மாட்டேங்கய்யா. சரி பண்ணியிருக்காங்க. தச்ச துணி மாதிரிதான். தையல் எங்கயாச்சும் விடுதான்னு வருஷா வருஷம் பாத்துக்கணும்."

போன வருடம் பள்ளி திறந்த சமயம். கதிர் அறுக்கும் இயந்திரம் ஓட்டும் இளவழகனின் மனைவி ஈஸ்வரி, ஆறு வயது மகள் அறிவுமதியைச் சீருடைக்கு அளவெடுக்க அழைத்து வந்தாள்.

"கையை நீட்டு தங்கம்," என்றாள் குந்தவை. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குழந்தையின் முகத்தை நிமிர்த்தினாள். "ஈஸ்வரி, இவ வாயி எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"இதுவா? வர்ற வழியில மரத்தடிய விட்டு வர மாட்டேன்னுட்டாக்கா. நாவப்பழம்."

"பொங்கச் சட்டைக்கு அளவெடுக்க வந்தப்பவும் இதே வாயிதான். பனின்னு நெனச்சுட்டேன். மார்கழியில எந்த மரத்துல நாவப்பழம் காய்ச்சுது?"

ஈஸ்வரி மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"ஓடுனா குந்திக்குவாளா?"

"சோம்பேறிக்கா, அவங்க அப்பா மாதிரி," என்று சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். "ஆமா. குந்திக்குவா. ஏங்க்கா?"

விரல் நுனிகள் உருண்டு, நகங்கள் வளைந்து கருத்திருந்ததைக் குந்தவை அவளுக்குக் காட்டினாள். அந்த வாரமே கிராம சுகாதார செவிலியர் ஆமினா குழந்தையின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார். குந்தவைக்கு இருந்த அதே நோய். அழுகிறபோது ஒருமுறை குழந்தை மயங்கியிருப்பதையும் கேட்டறிந்த டாக்டர்கள், தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லி, சென்னையில் அறுவை சிகிச்சைக்கு நாள் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த நாள் ஆடியில் விழுந்தது. இளவழகன் முடியாது என்றுவிட்டான்.

சீருடை வாங்க அவன் வந்தபோது குந்தவை பொட்டலத்தைக் கொடுக்கவில்லை.

"சட்டை தயாரா இருக்கு தம்பி. போட்டுக்கிற புள்ளைய எப்ப மெட்ராஸுக்கு அழைச்சிக்கிட்டுப் போற?"

"ஆடி கழியட்டுங்க்கா. ஆவணியில பாத்துக்கலாம்."

"போன ஆடியில உன் வண்டிக்கு இன்ஜின் எறக்குனியே, ஆவணி வரைக்குமா காத்திருந்த?"

"அது நின்னுபோச்சுக்கா."

"இதுவும் நிக்கட்டும்னு இருக்கியா?"

அவன் குரல் தாழ்ந்தது. "பொம்பளப்புள்ளக்கா. நெஞ்சை நேராப் பொளப்பாங்களாம். நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வந்தா நான் என்னன்னு சொல்றது? அப்படி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, கல்யாணமும் ஆகி, நல்லா இருக்கிற ஒருத்தியை இந்த ஊர்ல காட்டுங்க பாக்கலாம்."

திரைக்குக் கீழே எனக்கு இருவர் கால்களும் தெரிந்தன. தகர டப்பாவில் ஊக்கு விழும் சத்தமும், ரவிக்கையின் மேல் பிரஸ் பட்டன் விடுபடும் சத்தமும் கேட்டன. இளவழகனின் கால்கள் ஓரடி பின்னால் போயின.

"காட்டுன்னியே. பாரு."

தெருவில் ஒரு டிராக்டர் கடகடத்துப் போய் ஓய்ந்தது.

"இது... எப்பக்கா?"

"எட்டு வயசுல. அப்புறம் கல்யாணம் ஆச்சு, புள்ளை பெத்தேன். உன் பொண்டாட்டிக்கு முகூர்த்த ரவிக்கை நான்தான் தச்சேன். இன்னும் என்ன காட்டணும்?"

முக்காலியை இழுத்து அவன் உட்கார்ந்தான். "வலிக்குமா?"

"வலிக்கும். ஒரு வாரத்துக்கு உன்னை நல்லாத் திட்டுவா. வாங்கிக்க."

ஆடியிலேயே போனார்கள். குழந்தைக்கு நல்லபடியாக முடிந்தது. ஆனால் குந்தவையின் தழும்பு அதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்சம் கடை வாசலில் வந்து நின்று, "இத்தனை வருஷம் நான் பொத்திப் பொத்தி வச்சேனேடி," என்று அழுதாள்.

"பொத்தி வச்சதாலதான்மா அவனுக்கு ஒருத்தியும் தெரியாமப் போச்சு."

சொல்லாமல் கல்யாணம் செய்துவிட்டார்கள் என்று மாமியார் தீபாவளி வரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு பெண், "உனக்கு எதுக்குக் கஷ்டம்," என்று வெட்டாத துணியைத் திரும்ப வாங்கிப் போனாள். நாலாவது நாள் வேறொருத்தி, தன் கைக்குழந்தையின் நகத்தைக் காட்ட வந்தாள். பிறகு இன்னொருத்தி.

தாய்மார் கூட்டத்தில் பேச ஆமினா கூப்பிட்டதற்கு, மேடையெல்லாம் தனக்கு வராது என்று குந்தவை மறுத்துவிட்டாள். அளவெடுக்கும்போதே பிள்ளைகளின் நகத்தையும் உதட்டையும் பார்க்கிறாள், ஓடினால் குந்துமா என்று கேட்கிறாள். பெரும்பாலும் ஒன்றுமில்லை. "எனக்கு என்ன தெரியும், ஆமினாக்காகிட்ட ஒரு தடவை காட்டிடு," என்று அனுப்பிவைக்கிறாள். கழுத்து ஏற்றிய ரவிக்கையைத்தான் இன்னமும் போடுகிறாள், பழகிவிட்டதாம். ஊக்கு மட்டும் இல்லை.

இந்த ஆனி மாதக் கடைசியில் ஈஸ்வரி மகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"அக்கா, இவ வாயைப் பாருங்க. திரும்பவும் வந்திருச்சுக்கா."

குந்தவை முதலில் குழந்தையின் விரல்களை விரித்துப் பார்த்தாள். வெட்டு மிச்சமாகக் கிடந்த வெள்ளைத் துணியைக் குடிநீரில் நனைத்து, உதட்டில் லேசாக ஒற்றித் துடைத்தாள். துணி ஊதாவானது. மறுபடி துடைத்தபோது உதடு சிவப்பாக வெளியே வந்தது.

"விடுங்கத்தை," என்று அறிவுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எல்லாருக்கும் முன்னாடி ஓடிப்போயி நான்தான் பொறுக்குனேன்."

ஈஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் மகளின் சீருடையைக் கவனித்தாள். "சட்டையெல்லாம் அப்பிக்கிட்டு வந்திருக்கா பாருங்க. இது போகுமாக்கா?"

"துணியில போகாது," என்று சொல்லிவிட்டு, குந்தவை புதுச் சட்டைக்கு அளவு நாடாவை எடுத்தாள். "வாயில போயிடுச்சுல்ல."