ஸ்டிக்கர் ஒட்டாத எட்மண்ட்

தானே மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை ஒரு மனிதன் திருடியிருக்க முடியுமா?

ஃப்ளாப்பியில் ஒரு புரோகிராமைப் பிரதி எடுத்ததும் ஓரத்து வெட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பதை யாரும் மாற்ற முடியாது. எட்மண்ட் ஒட்டமாட்டார். வேறு யாராவது ஒட்டியிருந்தாலும் நகத்தால் உரித்துப் போடுவார். "தப்பு கீதுன்னா நீயே திருத்திக்கோ நைனா. திருத்துனத எனக்கும் ஒண்ணு கொண்டா." கொண்டுவராதவர்களோடு மாதக்கணக்கில் பேசமாட்டார்.

பகலில் ஆவடித் தொழிற்சாலையில் குமாஸ்தா. மாலையில் பட்டாபிராம் கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார். பெரிய பெரிய கணக்கு ஃபைல்களைச் சுருக்கி ஒரே ஃப்ளாப்பிக்குள் திணிக்கும் புரோகிராம் அவர் எழுதியது. திறந்ததும் திருத்தியவர்கள் பெயரெல்லாம் வரிசையாக வரும். அவர் பெயர் மட்டும் வராது. தன்னடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். வெளிவேலை பார்ப்பது தெரிந்தால் உத்தியோகமும் போகும், குவார்ட்டர்ஸும் போகும் என்ற பயம்.

தொண்ணூற்றைந்தில் அவருடைய சிநேகிதர் கோதண்டம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கம்பெனி வைத்திருந்தவர், அதைத் தன் பில் போடும் புரோகிராமுக்குள் வைத்து அமெரிக்காவுக்கு விற்றார். வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்படிச் சுருக்கும் வழிக்கே அங்கே ஒரு கம்பெனி காப்புரிமை வாங்கியிருக்கிறதாம். யாருடைய புரோகிராமையும் எடுத்ததாகப் புகார் இல்லை. அதே மாதிரி யோசித்துவிட்டதுதான் குற்றம். பட்டாபிராமில் உட்கார்ந்து யோசிப்பதற்கு முன்னால் அமெரிக்காவில் அனுமதி கேட்க வேண்டும் என்கிற நாகரிகம் எட்மண்டுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஏரிக்குள்ள பிளாட் போட்டு வித்தவன பாத்துகீறேன் மச்சான்," என்றார், நோட்டீஸோடு வந்த கோதண்டத்திடம். "கணக்கு போடற வழிக்கு வேலி கட்னவன இப்பத்தான் பாக்கறேன். அடுத்தது இன்னா, வாய்ப்பாட்டுக்கு வாடகையா?"

கோதண்டம் சிரிக்கவில்லை. எழுதியது யார் என்று நோட்டீஸில் கேட்டிருந்தார்கள். "உன் பேருதான் அதுல இல்லியே. நீ பாட்டுக்கு கம்முனு இரு. பேரு கீறவங்க பதில் சொல்லிக்கட்டும்."

எட்மண்ட் நியாயம்தான் என்றார். டீ வரவழைத்தார். பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, பெயர் வரிசைக்கு மேலே, இரண்டே விரலால் தட்டினார்: எழுதியவர் எட்மண்ட். குவார்ட்டர்ஸ் நம்பர். ஆவடி.

ஏன் என்று கோதண்டம் கேட்டதற்கு, டீ ஆறுகிறது என்றார். பிரதி எடுத்த ஃப்ளாப்பியை உருவி, யாரோ மேசையில் விட்டுப்போயிருந்த ஸ்டிக்கர் ஒன்றை ஓரத்து வெட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, கோதண்டத்திடம் நீட்டினார்.