முகத்தை விற்ற சோப்புக்காரர்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள் மணவாள நகரில் ஒரு மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்து, வியாபாரிகளுக்கு வணிகச்சின்னம் தேர்ந்து பதிவு செய்து கொடுத்தேன். என் அலுவலகத்துக்குச் சின்னம் கிடையாது. படிக்கட்டுப் பக்கம் ஓர் அம்புக்குறி மட்டும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் துணி சோப்பு தயாரித்த ஒருவர் வந்தார். மயில், அன்னம், குத்துவிளக்கு என்று அவர் விரும்பியதையெல்லாம் யாராவது முன்பே பதிவு செய்திருந்தார்கள். “உங்க மூஞ்சியையே போடுங்க முதலாளி. அது வேற யாருகிட்டயும் இருக்காது” என்றேன். என் தொழில்வாழ்வின் ஒரே புத்திசாலித்தனம் என்று அதை வெகுகாலம் நம்பியிருந்தேன். அவர் மீசை அப்படி. சனங்கள் கடையில் ‘மீசைக்காரரு சோப்பு’ என்றே கேட்டு வாங்கினார்கள்.

பிறகு முழங்கால் வலி வந்து, எளாவூர் வியாபாரி ஒருவருக்குத் தொழிலை விற்றார். வாங்கியவர் தெளிவாக இருந்தார்: “மிஷின் கெடக்குது நைனா, மூஞ்சிதான் வோணும்.” சின்னத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தை எழுதியவன் நானே.

விற்றவர் சும்மா இருக்க முடியாமல் மறுபடியும் சோப்பு போட்டார். அதற்குப் பத்திரத்தில் தடையில்லை. சோப்புதான் நகரவில்லை. என் மாடியேறி வந்தார்.

“எம் மூஞ்சிய போட்டா ஓடிடும் சார்.”

“போட முடியாது. அது இப்ப அவரோடது.”

“இன்னா சார், பேஜாரா பேசறீங்க? அப்போ சவரம் பண்றதுக்கும் அந்தாள கேக்கணுமா?”

வேண்டியதில்லை என்று சட்டப்படி உறுதியளித்தேன். அதுதான் வினையாகிப்போனது. பெரியபாளையத்தில் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்து, புது போட்டோவோடு வந்து நின்றார்.

“இது வேற மூஞ்சி. பதிவு பண்ணுங்க.”

“இது நீங்கதான்னு தெரிஞ்சா கேஸு வரும். தெரியலன்னா, படம் எதுக்கு முதலாளி?”

மொட்டை மண்டையைத் தடவினார்.

“படத்த ஒட்டக்கூடாது, சரி. மூஞ்சிய நேர்ல எடுத்துக்கினு போலாமில்ல?”

எனக்குத் தெரிந்த சட்டத்தில் அதற்குத் தடையில்லை என்றேன்.

ஆடி ஞாயிறு ஒன்றில் பெரியபாளையம் போனேன். கோயில் தெருவில் மினி வேன்மேல் நின்று, படமில்லாத வெள்ளை உறையில் சோப்பு விற்றுக்கொண்டிருந்தார். மூக்கின் கீழ் மீசை லேசாக முளைவிட்டிருந்தது.

“அய்ய, மீசைக்காரரு! மீச எங்க?” என்றாள் ஒரு பெண்.

“வித்துட்டேம்மா. சோப்புதான் மிச்சம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் ஒரு டஜன் வாங்கினாள். நானும் ஒரு கட்டியை எடுத்து, ஆலோசனைக் கட்டணமாக இருக்கட்டும் என்று நடையைக் கட்டினேன். கூப்பிட்டுக் காசு வாங்கிக்கொண்டார்.